குடலுக்கும் எலும்புக்கும் என்ன பேச்சு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நம் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறோம்.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "எலும்பு, மூட்டு ஆரோக்கியம்". பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வீட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவ நான். இவளுக்கு என்ன தெரியும்னு சிலர் நினைக்கலாம். நான் சொல்லப்போறது என் சொந்தச் சரக்கு இல்லை. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிற என் மகள் எனக்காகத் தேடிப் படிச்சுச் சொன்னது பாதி. எங்க ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா பொறுமையா உட்கார்ந்து விளக்கினது மீதி. மூணு சாயந்திரம் அவங்களைக் கேள்வி கேட்டே களைப்பாக்கிட்டேன்.

இவ்வளவு மெனக்கெட்டதுக்குக் காரணம், எங்க குழுவில் நடந்த ஒரு பொடி விவகாரம். அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை விஷயம் பேசணும். இல்லைன்னா அந்தப் பொடிக்காரர் எங்கே நம்மைக் கவுத்தார்னு புரியாது.

முதல்ல ஒரு வார்த்தைக் குழப்பம். நம்மில் யாரைக் கேட்டாலும் "எனக்கு எலும்புத் தேய்மானம்"னு சொல்றோம். ஒரே பேரில் ரெண்டு வேற வேற நோயைச் சொல்றோம். முட்டி மடக்கினா வலி, படியிறங்கினா வலி, மாடிப்படி ஏறினா கரகரன்னு சத்தம்னா அது மூட்டுத் தேய்மானம். ரெண்டு எலும்பு சேர்ற இடத்தில் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு தேய்ஞ்சு போறது. வலிக்கும், அதனால் நமக்குத் தெரியும். இன்னொன்று எலும்பு மெலிவு. டாக்டர்கள் இதை ஆஸ்டியோபொரோசிஸ்னு சொல்றாங்க. எலும்புக்கு உள்ளே ஓட்டை பெருகி, எலும்பு லேசாகிப் போறது. இது வலிக்கவே வலிக்காது. ஈரத் திண்ணையில் லேசா வழுக்கி உட்கார்ந்தாலே இடுப்பு உடையும். அன்னைக்குத்தான் தெரியும். சிலருக்கு முதுகெலும்பு நசுங்கி, உயரம் குறைஞ்சு, கூன் விழும். நம்ம லைன் வீடுகளில் கூன் விழுந்த பாட்டிகளை வயசுக்கோளாறுன்னு விட்டுடறோம். பாதிப் பேருக்கு முதுகெலும்பு எப்போதோ உடைஞ்சிருக்கலாம், நாம கவனிக்கலை.

மூணாவதா ஒண்ணும் இருக்கு. காலையில் எழுந்ததும் கைவிரல் மடக்க முடியாது, அரைமணி, ஒருமணி நேரம் விறைப்பாவே இருக்கும், ரெண்டு கையிலும் மணிக்கட்டு, விரல் கணு வீங்கும். இது முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குறது. இதைத் தைலம் தேய்ச்சுக் கடத்தவே கூடாது. சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா மூட்டைக் காப்பாத்தலாம். தாமதிச்சா விரல் கோணிப்போகும், அப்புறம் நேராகாது.

சரி, எலும்புக்கு வருவோம். எலும்பைக் கல்லு மாதிரி நினைக்கிறோம். அது உயிருள்ள பொருள். நமக்குப் புரியற மாதிரி சொன்னா, தேயிலைச் செடி மாதிரி. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் கவாத்து வெட்டறாங்க இல்லையா? வெட்டினா செடி செத்தா போகுது? புதுசா துளிர் விட்டு மறுபடி கொழுந்து தருது. எலும்பிலும் கவாத்து வெட்டற செல் ஒண்ணு, துளிர் விடவைக்கிற செல் ஒண்ணு இருக்கு. ஒண்ணு பழைய எலும்பைக் கரைக்கும், இன்னொண்ணு புது எலும்பைக் கட்டும். ஏறக்குறைய முப்பது வயசு வரைக்கும் கட்டற பக்கம் ஓங்கியிருக்கும். அப்புறம் கொஞ்ச காலம் சமமா ஓடும். மாதவிலக்கு நின்ற பிறகு வெட்டு வேகமாகும், துளிர் ஈடு கொடுக்காது. முதல் சில வருஷம் இறக்கம் ரொம்ப செங்குத்து, நம்ம குன்னூர் மலைப்பாதை மாதிரி.

இந்த இடத்தில் கர்ப்பப்பை எடுத்தவங்க மட்டும் கையைத் தூக்குங்கன்னு கேட்டேன். எத்தனை கை உயர்ந்ததுன்னு இங்கே எழுதலை, பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஆபரேஷன் சீட்டை எடுத்துப் பாருங்க. கர்ப்பப்பையோடு சினைப்பை ரெண்டையும் எடுத்திருந்தா, உங்க வயசு முப்பத்தஞ்சா இருந்தாலும் எலும்புக்கு மாதவிலக்கு நின்ற வயசுதான். இதை டாக்டர்கிட்ட போகும்போது நீங்களே சொல்லணும். அவங்க கேட்பாங்கன்னு காத்திருக்காதீங்க.

இப்போ குடல். செரோட்டோனின்னு ஒரு பொருள் இருக்கு. போனில் வர்ற செய்தியெல்லாம் இதுக்கு "சந்தோஷ ஹார்மோன்"னு பேர் வச்சிருக்கு. மூளையில் மனநிலை, தூக்கம் இதுக்கெல்லாம் இது வேலை செய்யறது உண்மை. ஆனா நம்ம உடம்பில் இருக்கிற செரோட்டோனினில் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு வயித்திலும் குடலிலும்தான் இருக்கு. மூளையில் இருக்கிறது ரொம்பக் கொஞ்சம். இதைக் கேட்டதும் எனக்கே ஆச்சரியம். முதல்ல கண்டுபிடிச்சதும் குடலில்தான். 1930களில் இத்தாலியில் எர்ஸ்பாமர்னு ஒருத்தர் குடல் சவ்வில் இருந்து இதைப் பிரிச்சார். 1948ல் அமெரிக்காவில் ரத்தத்தில் இருந்து வேற குழு பிரிச்சு, செரோட்டோனின்னு பேர் வச்சது. ரெண்டும் ஒண்ணுன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. மூளையிலும் இருக்குன்னு 1953ல் எழுதினவங்களில் ஒருத்தர் பெட்டி ட்வாரோக், இளவயசுப் பெண் விஞ்ஞானி. இந்தப் பேரைச் சொன்னதும் என் மகள் முகம் மலர்ந்தது, அதனால் இங்கேயும் சொல்லிடறேன்.

குடலில் இது என்ன செய்யுது? சாப்பாடு குடலில் நகர, குடல் சுருங்கி விரிய உதவுது. பால், முட்டை, பருப்பு, கறி இதில் எல்லாம் இருக்கிற டிரிப்டோஃபேன்ங்கற சத்தை வச்சுத்தான் குடல் செல்கள் செரோட்டோனினைத் தயாரிக்குது. மிச்சம் ரத்தத்தில் கலக்கும்போது தட்டணுக்கள் அதைத் தூக்கிக்கிட்டுப் போகும். காயம் பட்டா ரத்தம் உறைய வைக்கிற அதே தட்டணுக்கள்தான். ஒரு முக்கியமான விஷயம்: குடலில் உண்டாகிற செரோட்டோனின் மூளைக்குள் போகாது. நடுவில் ஒரு வேலி இருக்கு. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரிச்சுக்கும். ஒரே பேர், ரெண்டு வீடு, ரெண்டு சமையல். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பொடிக்கதையில் தேவைப்படும்.

2008ல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் கார்சென்டின்னு ஒரு விஞ்ஞானியோட குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் முதல் பேர் விஜய் யாதவ், நம்ம நாட்டில் இருந்து அங்கே போனவர். அவங்க பார்த்தது ஒரு ஜீன், எல்.ஆர்.பி.5ன்னு பேர். பிறக்கும்போதே இந்த ஜீன் வேலை செய்யாத குழந்தைகளுக்கு எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கும், கண்ணும் தெரியாமப் போகும். இந்த ஜீன் அதிகமா வேலை செய்யற குடும்பங்களும் இருக்காங்க, அவங்க எலும்பு உடையறதே அபூர்வம். இது எப்படின்னு சுண்டெலியில் பார்த்தாங்க. முன்சிறுகுடலில் இந்த ஜீன்தான் செரோட்டோனின் உற்பத்திக்குக் கடிவாளம் போடுது, கடிவாளம் போச்சுன்னா குடல் அதிகமா செரோட்டோனின் விடுது, அது ரத்தம் வழியா எலும்புக்குப் போய், கட்டற செல்களைப் பெருகவிடாமத் தடுக்குதுன்னு சொன்னாங்க. அதாவது துளிரை அடக்குது. கவாத்து நடந்துக்கிட்டே இருக்கு, துளிர் மட்டும் வரலைன்னா தோட்டம் என்ன ஆகும்?

அடுத்த வருஷம் அதே குழு இன்னொரு விஷயமும் சொன்னது. எலிகளின் மூளையில் உண்டாகிற செரோட்டோனின் எலும்புக்கு நல்லது செய்யுதாம், குடலில் உண்டாகிறதுக்கு நேர் எதிரா. 2010ல், குடலில் மட்டும் செரோட்டோனின் உற்பத்தியைக் குறைக்கிற ஒரு மருந்தை, சினைப்பை எடுத்த எலிகளுக்கு வாய்வழியா ஆறு வாரம் வரைக்கும் கொடுத்தாங்க. மெலிஞ்ச எலும்பு மறுபடி கட்டுச்சு. சினைப்பை எடுத்த எலின்னு கேட்டதும் எனக்குச் சுருக்குன்னு இருந்தது. நம்மளைத்தானே அந்த எலி மூலமாப் பார்த்திருக்காங்க!

இதோட கதை முடிஞ்சதுன்னு நினைச்சேன். டாக்டரம்மா சிரிச்சாங்க. 2011ல் அமெரிக்காவிலேயே வேற விஞ்ஞானிகள், மாத்யூ வார்மன், அலெக்ஸாண்டர் ராப்ளிங் இவங்க சேர்ந்த குழு, வேற மாதிரி எலிகளை வளர்த்துப் பார்த்தாங்க. குடலில் அந்த ஜீனை மாத்தினா எலும்பில் எந்த வித்தியாசமும் இல்லை, எலும்பிலேயே மாத்தினாத்தான் வித்தியாசம் வருதுன்னு எழுதினாங்க. முதல் குழு சொன்னதுக்கு இது நேரடி எதிர்ப்பு. இந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகலை. எலிக்குக் கொடுத்துப் பார்த்த அந்த மருந்து எலும்பு மெலிவுக்குன்னு நம்ம மருந்துக் கடைக்கும் வரலை.

மூட்டு விஷயத்தில் இன்னும் குழப்பம். 2016ல் வந்த ஒரு ஆய்வில், குடல் செரோட்டோனின் தயாரிக்க முடியாத எலிகளுக்கு முடக்குவாதம் மாதிரி நோயை உண்டாக்கிப் பார்த்தப்போ, நோய் குறையலை, அதிகமாச்சு. அப்படின்னா மூட்டில் அதே செரோட்டோனின் காவலாளி மாதிரி நிற்குது. எலும்புக்கு ஒரு முகம், மூட்டுக்கு ஒரு முகம். நம்ம வீட்டு மாமியார் மாதிரி, மகளுக்கு ஒண்ணு மருமகளுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. (இதைச் சொன்னப்போ முன்வரிசையில் இருந்த என் மாமியாரும் சிரிச்சாங்க, அதனால் அச்சில் விட்டிருக்கேன்.)

இப்போ பொடிக்கு வர்றேன்.

போன மழைக்காலத்தில் எங்க குழுக் கூட்டம் நடக்கிற இடத்துக்கு ஒருத்தர் வந்தார். டிப்டாப்பா சட்டை, கையில் அட்டைப் பெட்டி. "குடலைச் சுத்தம் பண்ணி, குடலில் செரோட்டோனினைக் கூட்டும், செரோட்டோனின் கூடினா எலும்பு இரும்பாகும், மூட்டு வலி போகும், மனசும் லேசாகும், மனசுக்குப் போடற மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம்"னு பேசினார். டப்பா 1,800 ரூபாய். மூணு டப்பா சாப்பிட்டாத்தான் பலனாம். எங்க குழுவில் ஒரு அக்கா உள்கடன் 5,400 ரூபாய் எடுத்து மூணு டப்பாவும் வாங்கிட்டாங்க. அவங்க ரெண்டு வருஷமா மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடறவங்க. வாங்கின அன்னைக்கே மாத்திரையை நிறுத்திட்டாங்க.

நாலஞ்சு நாளில் தலைசுத்தல். தலைக்குள்ளே கரண்ட் அடிக்கிற மாதிரி சுளீர்னு இருக்குதுன்னு சொன்னாங்க. ராத்திரி தூக்கம் இல்லை, காரணம் இல்லாம அழுகை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடா வர்ற எங்க தன்னார்வலர், அவங்களும் நம்ம குழுப் பெண்தான், பிரஷர் பார்க்கப் போனவங்க விசாரிச்சுக் கண்டுபிடிச்சாங்க. அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சாச்சு. இப்போ நல்லா இருக்காங்க. அந்த அக்கா இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன். ஆனா இதை மேடையில் சொல்லுன்னு சொன்னதே அவங்கதான்.

பொடிக்காரர் சொன்னதை இப்போ யோசிச்சுப் பாருங்க. குடலில் செரோட்டோனின் கூடினா எலும்பு இரும்பாகும்னார். 2008ல் சொன்னவங்க சொன்னது நேர் மாறா, கூடினா எலும்பு கட்டறது குறையும்னு. 2011ல் மறுத்தவங்க சொன்னது, குடலுக்கும் இந்த ஜீன் செய்யற வேலைக்கும் சம்பந்தமே இல்லைன்னு. சண்டை போட்ட ரெண்டு பக்கத்தில் எந்தப் பக்கமும் பொடிக்காரர் பக்கம் இல்லை. குடலில் கூடினா மனசு லேசாகும்ங்கறதும் நிக்காது, நடுவில் வேலி இருக்குன்னு சொன்னேன் இல்லையா? பெரிய பேர் ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு, தலைகீழாச் சொல்லி, 5,400 ரூபாய் வாங்கிட்டுப் போயிட்டார். டப்பாவில் உற்பத்தியாளர் முகவரிகூட இல்லை. இப்படி மூட்டு வலிக்குன்னு விற்கிற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து பல இடங்களில் பிடிபட்டிருக்கு. ஸ்டீராய்டு மாசக்கணக்கா உள்ளே போனா வலி அடங்கின மாதிரி இருக்கும், எலும்பு உள்ளுக்குள்ளே மெலியும். வலி போக ஊசி போடறேன்னு சொல்ற இடத்திலும் என்ன ஊசின்னு கேட்டுச் சீட்டு வாங்குங்க.

இதில் இன்னொரு பயம் கிளம்பிச்சு. இந்த விஷயத்தை எங்க குழுவில் பேசினதும், "அப்போ மன அழுத்த மாத்திரையும் செரோட்டோனின் சம்பந்தப்பட்டதுதானே, அது எலும்பை அரிக்குமா?"ன்னு ஒருத்தர் கேட்டாங்க. நல்ல கேள்வி. மறைக்காமச் சொல்றேன். 2007ல் அமெரிக்காவில் 2,722 வயதான பெண்களைப் பார்த்து ஒரு ஆய்வு வந்தது. அந்த வகை மாத்திரை சாப்பிடாதவங்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி வருஷத்துக்கு 0.47 சதவீதம் குறைஞ்சது, சாப்பிட்டவங்களுக்கு 0.82 சதவீதம். வித்தியாசம் இருக்கு. ஆனா நம்ம ஊரில் குடை அதிகமா விரிஞ்சிருக்கிற நாளில் மழையும் அதிகம். குடையா மழையைக் கொண்டு வந்தது? மன அழுத்தம் இருக்கிறவங்க சரியாச் சாப்பிட மாட்டாங்க, வெளியே வர மாட்டாங்க, வெயில் படாது, நடை குறையும். மன அழுத்தமே எலும்பைக் கெடுக்கும். இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவுன்னு பிரிக்கிறது டாக்டர்களுக்கே கஷ்டம். அதனால் மாத்திரை சாப்பிடறவங்க ஒரு நாள்கூட தானா நிறுத்தாதீங்க. "எனக்கு வயசு இவ்வளவு, மாதவிலக்கு நின்னாச்சு, எலும்பைப் பார்க்கணுமா?"ன்னு மாத்திரை எழுதின டாக்டரையே கேளுங்க. மாத்தணும்னா அவங்க கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு மாத்துவாங்க. மனசு பாரமா இருக்கு, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலைன்னா 14416க்கு போன் பண்ணுங்க. டெலிமானஸ்னு அரசு நடத்தறது, காசு இல்லை, தமிழில் பேசுவாங்க.

குடலுக்கும் எலும்புக்கும் சம்பந்தம் இல்லைன்னு நான் சொல்லலை. குடல் வழியாத்தானே எல்லாச் சத்தும் உள்ளே போகணும். இது விஷயத்தில் நம்ம குன்னூருக்கே ஒரு பெருமை இருக்கு, பலருக்குத் தெரியாது. சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கு இல்லையா, நாய்க்கடி ஊசி மருந்துக்குப் பேர் போனது, 1907ல் ஆரம்பிச்சது. அங்கே 1918ல் இருந்து ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் சாப்பாட்டைப் பற்றி ஆராய்ச்சி பண்ணினார். குரங்குகளுக்குச் சத்து போற அளவுக்குக் கடுஞ்சூட்டில் வேகவச்ச அரிசி மாதிரி சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். குரங்குகளின் குடல் கெட்டது, சவ்வு புண்ணாச்சு, வயித்துப்போக்கு வந்தது. சத்தில்லாத சாப்பாடு குடலையும் விட்டுவைக்காதுன்னு எழுதினார். அப்புறம் எலிகளைப் பிரிச்சு, இந்தியாவில் ஒவ்வொரு பகுதி மக்கள் சாப்பிடற சாப்பாட்டை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சாப்பிட்ட பஞ்சாப் எலி சுமார் 235 கிராம் எடை. தீட்டின அரிசியே பிரதானமா சாப்பிட்ட நம்ம மதராஸ் எலி 155 கிராம். கடைசி இடம் நம்ம எலிக்குத்தான்! அந்த ஆய்வுக்கூடம் 1958ல் ஹைதராபாத் போச்சு, இப்போ தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு பேர். நாடு முழுக்க யாருக்கு எவ்வளவு சத்து வேணும்னு சொல்ற நிறுவனத்துக்குப் பிறந்த வீடு குன்னூர்.

அந்த நிறுவனம் இப்போ சொல்ற கணக்கு: பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேணும், மாதவிலக்கு நின்றவங்களுக்கு 1,200. நூறு கிராம் அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350. ஒரு டம்ளர் பாலில் 200க்கு மேலே. முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, எள்ளு இதெல்லாம் சுண்ணாம்புச் சத்து நிறைஞ்சது. இந்த மலையில் முன்னாடி படுகர் வீடுகளில் கேழ்வரகும் சாமையும் விளைவிச்சுச் சாப்பிட்டவங்கதான் எல்லாரும். எங்க தாத்தா பாட்டி சிலோனில் இருந்து 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இங்கே வந்து டேன்டீ தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவங்க. எங்க வீட்டில் ரொட்டி, சோறு, சம்பல்தான். கேழ்வரகைக் கஞ்சியா நான் பழக்கினது இங்கே கல்யாணமாகி வந்த பிறகு. முதல்ல பிள்ளைங்க மூஞ்சியைச் சுளிச்சாங்க. ஊறவச்சு முளைகட்டி, காயவச்சு அரைச்ச மாவில் கொஞ்சம் வெல்லம் போட்டேன், இப்போ டம்ளரை நக்கறாங்க. முளைகட்டினா சத்து உடம்பில் சேர்றதும் சுலபமாகும்.

பால், முட்டை, பருப்பில் டிரிப்டோஃபேன் இருக்குன்னு சொன்னேனே, அதை வச்சு யாராவது "அதெல்லாம் சாப்பிட்டா செரோட்டோனின் ஏறி எலும்பு போயிடும்"னு புதுசா ஒரு செய்தி அனுப்புவாங்க. நம்பாதீங்க. எலும்பே பாதி புரதத்தால் ஆனதுதான். புரதத்தைக் குறைச்சா தசை இளைக்கும், தசை இளைச்சா விழுவோம்.

வெயில் நமக்குப் பெரிய பிரச்சினை. ஊட்டி, குந்தா, கூடலூர் பக்கம் ஜூனில் இருந்து மூட்டம். எங்க குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் சூரியனையே பார்க்க முடியாது. பார்த்தாலும் ஸ்வெட்டர், தலைத்துணி, இடுப்பில் படங்கு, தோல் எங்கே தெரியுது? வைட்டமின் டி இல்லைன்னா எவ்வளவு கேழ்வரகு சாப்பிட்டாலும் குடல் சுண்ணாம்புச் சத்தை இழுத்துக்காது. குடலுக்கும் எலும்புக்கும் சந்தேகமே இல்லாத சம்பந்தம் இதுதான். வெயில் அடிக்கிற நாளில் பதினொரு மணியில் இருந்து ரெண்டு மணிக்குள்ளே, மூட்டை முடிச்சை அவுத்துட்டு, கை கால் முகம் காட்டி இருபது நிமிஷம் உட்காருங்க. வேலை கெட்டுப்போகாது, கீரை ஆஞ்சுக்கிட்டே உட்காரலாம். மழை மாசத்தில் டி மாத்திரை வேணுமான்னு டாக்டர் சொல்லட்டும். அளவுக்கு மீறினா அதுவும் கெடுதல்.

"நாங்கதான் முதுகில் கூடை சுமந்து மேடு ஏறறோமே, எலும்பு பலமாத்தானே இருக்கணும்?"னு போன கூட்டத்தில் ஒரு பெரியம்மா கேட்டாங்க. சுமையும் நடையும் எலும்புக்கு நல்லதுதான். ஆனா முப்பது வயசு வரைக்கும் கட்டவேண்டிய காலத்தில் சத்து போகலைன்னா சுமை மட்டும் என்ன கட்டும்? அதோட, நிறைஞ்ச கூடையோட செங்குத்தா இறங்கறது முட்டிக்கு ஆகாது. எலும்புக்கு நல்லதே மூட்டுக்குப் பாரமாகுது. இறங்கும்போது கூடையைப் பாதியாக்கி ரெண்டு நடை நடக்க மேஸ்திரி விடுவாரான்னு நீங்க கேட்கறது எனக்குக் கேட்குது. அது வேற கூட்டத்தில் பேசவேண்டியது, ஆனா பேசத்தான் வேணும்.

எலும்பின் அடர்த்தியைப் பார்க்க டெக்ஸான்னு ஒரு ஸ்கேன் இருக்கு. வலி இல்லை, ஊசி இல்லை, படுத்தா கொஞ்ச நேரத்தில் முடிஞ்சிடும். அறுபத்தஞ்சு தாண்டினவங்க, சின்ன வயசில் சினைப்பை எடுத்தவங்க, சும்மா விழுந்ததில் எலும்பு உடைஞ்சவங்க, பல மாசம் ஸ்டீராய்டு சாப்பிட்டவங்க கண்டிப்பா டாக்டரைக் கேட்கணும். எங்கே எடுக்கணும்னு அரசு மருத்துவமனையில் எழுதித் தருவாங்க. ஏற்கெனவே நடக்கமுடியாம வீட்டோட இருக்கிறவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி செய்யறவங்க வீட்டுக்கே வருவாங்க. உங்க பக்கத்து வீட்டுப் பாட்டி பேரைத் தன்னார்வலர்கிட்ட கொடுங்க.

கடைசியா, தலைவி அக்கா அனுமதியோட ரெண்டு தீர்மானம் எழுதிக் கொண்டுவந்திருக்கேன். குழுக் கூட்டம் நடக்கிற இடத்தில் மருந்து, பொடி, தைலம் எதுவும் விற்க விடக்கூடாது, அதுக்கு உள்கடனும் கிடையாது. எலும்பு ஸ்கேனுக்கும் டாக்டரைப் பார்க்கப் போற பஸ் செலவுக்கும் அவசரக் கடனா 2,000 ரூபாய் வரைக்கும் அந்தந்தக் குழுவே அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்காமக் கொடுக்கலாம். முதல் தீர்மானத்துக்கு அந்த அக்காவே முதல் கையெழுத்துப் போட்டுட்டாங்க. தீர்மான நோட்டு வாசல் பக்க மேஜையில் இருக்கு, குழுவுக்கு ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டுட்டுச் சாப்பிடப் போங்க. சாப்பாட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் இருக்கு, சோறும் இருக்கு.